கசியும் கதீட்டர்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

நீண்ட நாள் மருந்து ஏற்றச் சிரைக்குள் வைத்திருக்கும் மெல்லிய குழாயான கதீட்டர் கசிகிறது என்றதும் கண் ஈரத்தைத் தேடும். ஈரம் தெரிகிற கசிவில் ஒரு வசதி உண்டு, பார்த்தவுடன் நிறுத்திவிடலாம். வெளியே ஒரு சொட்டுகூட வராமல் தோலடியிலோ, சிரையைச் சுற்றியோ, நெஞ்சுக்கூட்டுக்குள்ளோ வழியும் கசிவுதான் மாதக்கணக்கில் இழுத்தடிக்கும் சிக்கல்களில் கொண்டுபோய் விடுகிறது. ஆகவே இந்த வழிமுறை நோயாளியிடமும் குழாயிலும் தெரியும் அறிகுறியிலிருந்து தொடங்குகிறது: கசிவு எங்கே இருக்கும், இப்போது என்ன செய்வது, விட்டுவிட்டால் பின்னால் என்ன வரும்.

மூன்று வகைக் குழாய்களைப் பற்றித்தான் பேச்சு. மேல்கைச் சிரை வழியாகப் போகும் பிக் லைன். நெஞ்சுத் தோலடியில் சுரங்கம்போல் ஓடி வெளியே வரும் ஹிக்மேன் வகைக் குழாய். முழுதாகத் தோலுக்குள் புதைத்து, தேவைப்படும்போது ஊசி குத்தி மருந்து ஏற்றும் போர்ட். மூன்றின் நுனியும் இதயத்துக்குச் சற்று மேலே, மேற்பெருஞ்சிரையின் கீழ்ப்பகுதியில் இருக்க வேண்டும். புறங்கையில் போடும் சாதாரண கேனுலா கசிந்தால் எடுத்துவிட்டு வேறிடத்தில் போடுவார்கள், அதற்கு இவ்வளவு யோசனை தேவையில்லை.

எந்த அறிகுறியானாலும் முதல் ஐந்து நிமிடம்

பம்பையோ ட்ரிப்பையோ நிறுத்துங்கள். பொத்தல் கண்ணுக்குத் தெரிந்தால், கிளாம்ப் பொத்தலுக்கும் உடம்புக்கும் நடுவில் விழ வேண்டும். குழாயோடு வந்த கிளாம்ப் சில சமயம் பொத்தலுக்கு அந்தப் பக்கம் இருக்கும். அதைப் பூட்டுவதில் பயனில்லை. அப்போது உடம்பை ஒட்டிய பக்கத்தில் குழாயை இரண்டாக மடித்து, சுத்தமான காஸ் சுற்றி, விரலால் இறுக்கிப் பிடித்து, டேப்போ ரப்பர் பேண்டோ போட்டு நிறுத்தலாம். பல் வைத்த ஃபோர்செப்ஸ் மட்டும் வேண்டாம். ஒரு பொத்தல் நாலாகும்.

நோயாளியைப் படுக்க வையுங்கள். உட்கார்ந்தபடி மூச்சை இழுக்கும்போது நெஞ்சுச் சிரைகளின் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறையும், திறந்த குழாய் காற்றை உறிஞ்சிக்கொள்ளும். இதனால்தான் மருந்து வெளியே சொட்டுவதைவிடக் காற்று உள்ளே போவதற்கு அதிகம் பயப்பட வேண்டும்.

மருந்தின் பெயர், ஓடிய வேகம், எத்தனை மி.லி. போயிருக்கிறது, நிறுத்திய நேரம் இந்த நான்கையும் எழுதி வையுங்கள். பின்னால் கேட்கப்படும் முதல் கேள்விகள் இவைதாம்.

செய்யக் கூடாதவையும் உண்டு. "போகிறதா பார்ப்போம்" என்று சலைன் தள்ளிப் பார்க்காதீர்கள். பொத்தலில் சூப்பர் குளூவோ டேப்போ ஒட்டி மறுபடி மருந்தை ஓட்டாதீர்கள். வீட்டில் குழாயை உருவாதீர்கள்.

மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மயக்கம், நடுக்கத்தோடு காய்ச்சல், கீமோ மருந்து ஓடும்போது எரிச்சல் என்று எதாவது இருந்தால் மேற்கொண்டு படித்துக்கொண்டிருக்க வேண்டாம். உடனே அவசரப் பிரிவு.

கனெக்டர் ஓரத்தில் ஈரம், தோலருகே உலர்வாக இருக்கிறது

பெரும்பாலும் சின்ன விஷயம். குழாயின் வெளிமுனையில் மாட்டும் ஊசியில்லா கனெக்டர் சரியாகத் திருகப்படவில்லை, அல்லது குறுக்குத் திருகில் மாட்டிக்கொண்டது, அல்லது உள்ளே இருக்கும் சிலிக்கோன் வால்வு ஓய்ந்துவிட்டது. கிளாம்பைப் போட்டு, கையைக் கழுவி, இணைப்பை 70 சதவீத ஆல்கஹால் துணியால் 15 விநாடி அழுத்தித் தேய்த்து, உலரவிட்டு, புதிய கனெக்டர் மாட்ட வேண்டும். வழக்கமாக இதை 7 நாளுக்கு ஒருமுறை மாற்றுவார்கள். ரத்தம் தங்கிவிட்டாலோ கழன்றுபோனாலோ உடனே. ஃபோர்செப்ஸ் கொண்டு முறுக்கி இறுக்காதீர்கள். கசிவு நிற்காது, கனெக்டர் மாட்டும் குழாய்த்தலையான ஹப் பிளந்துவிடும். பிறகு முழுக் குழாயையும் மாற்ற வேண்டியதுதான்.

புதுக் கனெக்டர் மாட்டியும் ஈரம் வந்தால் ஹப்பில் மயிரிழை விரிசல் இருக்கிறது. வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், வெண்கோடாகத் தெரியும்.

இந்தச் சின்னக் கசிவைத் துணி சுற்றி ஒப்பேற்றிக்கொண்டே இருப்பதில் ஒரு ஆபத்து உண்டு. ஈரம் வெளியே வரும் வழி கிருமி உள்ளே போகும் வழியும்தான். ஹப்பில் நுழையும் கிருமிகள் குழாயின் உட்சுவரில் ஒட்டி, தங்களைச் சுற்றி ஒரு கொழகொழப்பான படலம் கட்டிக்கொள்ளும். அந்தப் படலத்துக்குள் ஆன்டிபயாடிக் எளிதில் ஊடுருவாது. இன்றைய ஈரத்துக்கான விலை சில வாரம் கழித்து ரத்தத் தொற்றாக வரும்.

வெளிக்குழாயில் பொத்தல், விரிசல், ஊதிய பகுதி

பார்க்க வேண்டிய இடங்கள் மூன்று: கிளாம்ப் எப்போதும் விழும் இடம், தோலில் ஒட்டும் இறக்கையும் குழாயும் சேரும் இடம், ஹப்பும் குழாயும் சேரும் இடம். திரும்பத் திரும்ப வளைவதும் நசுங்குவதும் அங்கேதான். கிளாம்ப் போட என்று தடித்த உறைப்பகுதி இருந்தால் அதில் மட்டும் போட வேண்டும்.

குழாய் ஓர் இடத்தில் பலூன் போல உப்பி, ஃபிளஷ் (சலைன் தள்ளிக் குழாயைக் கழுவுவது) முடிந்ததும் வற்றிவிடுகிறதென்றால் சுவர் மெலிந்துவிட்டது. இன்னும் கசியாவிட்டாலும் இது கசிவுதான், நாள் குறித்தாகிவிட்டது.

காரணங்களில் முதலிடம் சின்ன சிரிஞ்ச். ஒரே விசையில் அழுத்தினால் 1 அல்லது 3 மி.லி. சிரிஞ்ச் உண்டாக்கும் அழுத்தம் 10 மி.லி. சிரிஞ்சைவிடப் பல மடங்கு அதிகம். தள்ளுகோலின் பரப்பு குறைந்தால் அழுத்தம் ஏறும், அவ்வளவுதான் கணக்கு. அடைப்புள்ள குழாயில் சின்ன சிரிஞ்சால் "ஒரு தள்ளு தள்ளினால்" உள்ளே ரத்தக்கட்டி நகரும் முன் சுவர் கிழியும். அதனால்தான் குழாய் தடையில்லாமல் ஓடுகிறது என்று உறுதியாகும்வரை 10 மி.லி. அளவுக் குழலுள்ள சிரிஞ்சே விதி. அடுத்தது ஸ்கேன் அறையில் இயந்திரத்தால் சாயம் செலுத்துவது. அந்த வேகத்தைத் தாங்கும் என்று குழாயிலேயோ கிளாம்பிலேயோ அச்சிட்டிருந்தால் மட்டுமே அதைச் செய்யலாம். பிறகு டிரெஸ்ஸிங் பிரிக்கக் கத்தரிக்கோல். இதற்கு விளக்கம் வேண்டாம்.

ரசாயனமும் உண்டு. பாலியுரித்தேன் குழாய்களுக்கு அசிட்டோன் ஆகாது. பாலிஎதிலீன் கிளைக்கால் அடிப்படையிலான சில களிம்புகள் அதை மென்மையாக்கி வீங்கச் செய்யும். கிருமியழிக்க உள்ளே நிரப்பி வைக்கும் எத்தனால் லாக்கும் சில வகைப் பாலியுரித்தேனைப் பலவீனப்படுத்தும். சிலிக்கோன் குழாய் ரசாயனத்தைத் தாங்கும், ஆனால் அழுத்தத்தில் எளிதாகக் கிழியும். எந்தப் பொருளால் ஆனது என்பது குழாய் வைத்தபோது தந்த அட்டையில் இருக்கும். அந்த அட்டையைத் தொலைக்காதீர்கள்.

சரி செய்ய முடியுமா? ஹிக்மேன் வகை சிலிக்கோன் குழாய்க்கு அதே அளவில், அதே நிறுவனத்தின் பழுதுநீக்கும் கிட் கிடைக்கும். பொத்தலுக்கும் தோலுக்கும் நடுவே வெளியில் சில சென்டிமீட்டர் நல்ல குழாய் மிஞ்சியிருக்க வேண்டும். பயிற்சி பெற்றவர் சுத்தமான முறையில் வெட்டி, இணைப்புக் குழல் செருகி, பசையிட்டு உறை போடுவார். பசை முழு பலம் பெற ஒன்றிரண்டு நாள் ஆகும். எப்போதிலிருந்து பயன்படுத்தலாம் என்பதைக் கிட்டின் தாளைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். பிக் லைனைப் பெரும்பாலும் ஒட்டுவதில்லை, பழைய குழாய்க்குள் விட்ட கம்பி வழியாகப் புதிது மாற்றுவார்கள். தொற்று இருந்தால் அந்த மாற்றும் சரியல்ல. பழைய பாதையின் கிருமி புதுக்குழாயில் ஏறும். பொத்தல் விழுந்து, கிளாம்ப் போடாமல் சில மணி நேரமாவது கிடந்திருந்தால், ஒட்டுவதற்கு முன் ரத்த கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) பற்றிக் கேளுங்கள்.

குழாய் தோலுக்குள் நுழையும் இடத்திலிருந்து நீர் வருகிறது

இங்குதான் அதிகம் தடுமாறுகிறார்கள். டிரெஸ்ஸிங் நனைந்திருக்கிறது, மாற்றுகிறார்கள், மறுபடி நனைகிறது, இன்னும் கெட்டியாக ஒட்டுகிறார்கள். ஒரு மாதம் ஓடிவிடும்.

முதல் கேள்வி: எப்போது வருகிறது? பழைய டிரெஸ்ஸிங்கை எடுத்து, இடத்தை உலர்த்தி, மடித்த காஸ் வைத்து, எதுவும் ஏற்றாமல் அரை மணி பாருங்கள். சும்மா இருக்கும்போதே ஊறினால் அது உடம்பின் நீர்: நிணநீர், வீக்கத்தில் கோர்த்த நீர், தொற்றின் கசிவு. மருந்து ஏற்றும்போது மட்டும், அதுவும் தொடங்கிச் சில நிமிடத்தில் நனைந்தால் அது குழாயின் நீர். இந்தச் சோதனையை மருத்துவமனையில், எரிக்காத சலைன் கொண்டு, கூட ஒருவர் தோலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே செய்ய வேண்டும். நீரில் சர்க்கரை இருக்கிறதா என்று குளுக்கோமீட்டரில் பார்க்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. நிணநீரிலும் சர்க்கரை இருப்பதால் அது எதையும் நிரூபிக்காது.

குழாயின் நீர்தான் என்றால் மூன்று சாத்தியங்கள்.

ஒன்று, தோலடியிலோ சிரைக்குள்ளோ குழாயில் பொத்தல். நீர் வெளியே வருவதோடு தோலடியிலும் தேங்கும், தடவினால் மெத்தென்றிருக்கும். ரத்தம் இழுத்தால் காற்றுக்குமிழி கலந்து வருவது இதற்கு வலுவான அடையாளம்.

இரண்டு, ஃபைப்ரின் உறை. உடம்பு எந்தக் குழாயையும் அன்னியப் பொருளாகப் பார்த்து, அதன்மேல் ஃபைப்ரின் (ரத்தம் உறையும்போது உருவாகும் நார்ப்புரதம்) படிய வைக்கும். அது நாளடைவில் குழாயைக் காலுறை போல மூடி, நுனியையும் தாண்டி வளரலாம். அப்போது நுனியிலிருந்து வெளிவரும் மருந்து ரத்தத்தில் கலக்க வழியில்லாமல் உறைக்கும் குழாய்க்கும் நடுவிலுள்ள இடுக்கில் பின்னோக்கி ஏறி, நுழைவிடத்தில் வந்து சொட்டும். குழாயில் ஒரு குறையும் இருக்காது. குழாயைப் பழி சொல்லி மாற்றிவிட்டு, அதே உறைக்குள் புதுக்குழாயை விட்டால் கசிவு தொடரும். இதை மறுபடி மறுபடி பார்க்கலாம்.

மூன்று, நுனி நகர்ந்துவிட்டது. தோலுக்கு வெளியே தெரியும் நீளத்தை அளந்து, வைத்த அன்று எழுதிய நீளத்தோடு ஒப்பிடுங்கள். 2 செ.மீ.க்கு மேல் கூடியிருந்தால் எக்ஸ்-ரே பார்க்காமல் ஒன்றும் ஏற்றக் கூடாது. வெளியே வந்த குழாயை மீண்டும் உள்ளே தள்ளவே கூடாது, தோலின் கிருமியை நேராக நெஞ்சுக்கு அனுப்பும் வேலை அது.

மூன்றையும் பிரித்துச் சொல்வது சாயப் பரிசோதனை: எக்ஸ்-ரே திரையில் பார்த்துக்கொண்டே கதீட்டருக்குள் மெதுவாகச் சாயம் செலுத்துவார்கள். பொத்தலானால் சாயம் பக்கவாட்டில் சிதறும், உறையானால் நுனியிலிருந்து குழாயை ஒட்டிப் பின்னால் ஓடும். வெறும் எக்ஸ்-ரே நுனி எங்கே என்று மட்டும் சொல்லும்.

உறைதான் என்று உறுதியானால், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஆல்டிபிளேஸ் 2 மி.கி. மருந்தை 2 மி.லி.யில் கரைத்து உள்ளே நிரப்பி, 30 நிமிடத்தில் ஒருமுறை, பிறகு 120 நிமிடத்தில் ஒருமுறை ரத்தம் வருகிறதா என்று பார்ப்பார்கள். தேவையானால் இரண்டாம் முறையும் தரலாம். பொத்தலை விலக்காமல் இதைத் தரக் கூடாது.

உடம்பின் நீர் என்றால் குழாயை விட்டுவிட்டுத் தோலைக் கவனியுங்கள். வைத்த முதல் சில நாள் சிறிது நிணநீர் ஊறும். ஹிக்மேன் வகையில் தோலடியில் குழாயைச் சுற்றியுள்ள துணிக்கஃப்பில் (துணிப்பட்டையில்) சதை பிடிக்கச் சில வாரம் வேண்டும், அதுவரை ஊறல் வரலாம். வாரங்கள் கழித்துப் புதிதாக ஊறினால் தொற்றோ, மேலே சிரையில் ரத்த உறைவோ இருக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். சிரை அடைபட்டால் வடிய வழியில்லாத நீர் பின்னுக்கு வந்து நுழைவிடம் வழியே வெளியேறும்.

நனைந்த டிரெஸ்ஸிங் எத்தனை நாள் பாக்கி இருந்தாலும் அப்போதே மாற்றப்பட வேண்டியது. ஒளி ஊடுருவும் படலத்துக்கு 7 நாள், காஸ் வைத்ததற்கு 2 நாள் என்ற கணக்கெல்லாம் உலர்ந்திருந்தால் மட்டுமே. ஆல்கஹால் கலந்த 2 சதவீத குளோர்ஹெக்சிடின் தடவி, முழுதாக உலர்ந்த பிறகே படலம் ஒட்ட வேண்டும். ஈரத்தின் மேல் ஒட்டினால் தோல் வெந்து, சிவந்து, உரியும். அது ஒவ்வாமை என்று பெயர் வாங்கிக்கொண்டு நல்ல கிருமிநாசினி ஒன்றை நோயாளியின் கோப்பில் ஒதுக்கி வைக்கவைக்கும். சிவப்பு நுழைவிடத்திலிருந்து 2 செ.மீ.க்குள் இருந்தால் நுழைவிடத் தொற்று. சுரங்கத்தின் வழியே அதைத் தாண்டி வலியோடு பரவினால் சுரங்கத் தொற்று. முன்னதைக் குழாயை வைத்துக்கொண்டே ஆற்றலாம். பின்னதில் குழாயை எடுத்தாக வேண்டும்.

வெளியே உலர்வு, உள்ளே எரிச்சல், வீக்கம், கனம்

போர்ட்டில் அதிகம். முதலில் ஊசியைச் சந்தேகியுங்கள். போர்ட்டுக்கான ஹூபர் ஊசி சிலிக்கோன் மூடியைத் தாண்டி அடித்தட்டைத் தொட வேண்டும். எடை கூடியவருக்குக் குட்டை ஊசி போட்டால் மூடியின் பாதியில் நிற்கும். கை அசைந்தால் வெளியே வந்துவிடும். சாதாரண ஊசி மூடியிலிருந்து சிலிக்கோனைத் துண்டாக அறுத்தெடுத்து நிரந்தர ஓட்டை போடும். ஊசி சரியாக இருந்தும் வீக்கம் வந்தால் போர்ட்டும் குழாயும் சேரும் மூட்டு கழன்றிருக்கலாம்.

அடுத்த சந்தேகம் காறை எலும்பு. காறை எலும்புக்கடியில் உள்ள சிரை வழியே போட்ட குழாய், அந்த எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவே கத்தரியில் அகப்படலாம். அடையாளம் தெளிவானது: கையைத் தொங்கவிட்டால் ஃபிளஷ் போகாது, தோளை உயர்த்தினால் போகும். இந்த "வித்தையை" நோயாளியே கண்டுபிடித்து மாதக்கணக்கில் சமாளித்திருப்பார். ஒவ்வொரு கையசைவிலும் குழாய் நசுங்கி, கடைசியில் விரிசல் விட்டு, பிறகு அறுந்துபோகும். நேராக நின்று, கைகளைப் பக்கவாட்டில் தொங்கவிட்டு எடுத்த நெஞ்சு எக்ஸ்-ரேயில் அங்கே குழாய் ஒடுங்கித் தெரியும். கையைத் தூக்கி எடுத்தால் ஒடுக்கம் மறைந்துவிடும். ஒடுங்கியிருந்தால் அது கசியும்வரை காத்திராமல் எடுத்துவிடுவது சரி.

கசிந்த மருந்து எது என்பதைப் பொறுத்துத்தான் இனி எல்லாம். சலைன் என்றால் ஒரு நாளில் வற்றும். டாக்ஸோரூபிசின், வின்கிறிஸ்டின் போன்ற கீமோ மருந்துகள், நார்அட்ரினலின், கால்சியம், அடர்த்தியான பொட்டாசியம், 10 சதவீதத்துக்கு மேற்பட்ட டெக்ஸ்ட்ரோஸ், சிரைவழி ஊட்டக் கரைசல் ஆகியவை திசுவைப் பொசுக்கும். நிறுத்தியதும் ஊசியைப் பிடுங்காதீர்கள். அதே ஊசி வழியே சிரிஞ்சால் எவ்வளவு இழுக்க முடியுமோ இழுத்த பிறகு எடுக்க வேண்டும். வீக்கத்தின் எல்லையைப் பேனாவால் வரைந்து, நேரம் எழுதி, படம் எடுத்து வையுங்கள்.

ஒத்தடத்தில் தப்பு நடப்பது சகஜம். டாக்ஸோரூபிசின் வகைக்குக் குளிர், ஒரு தடவைக்கு 15 முதல் 20 நிமிடம், நாளுக்கு நாலு முறை, ஓரிரு நாள். வின்கிறிஸ்டின் வகைக்கு வெதுவெதுப்பு. குளிர் வைத்தால் புண் மோசமாகும். மாற்று மருந்துகளும் அப்படித்தான் பிரிந்து நிற்கின்றன: டாக்ஸோரூபிசின் வகைக்கு டெக்ஸ்ராஸாக்ஸேன் (6 மணி நேரத்துக்குள் தொடங்கி மூன்று நாள், வேறு சிரை வழியே), வின்கிறிஸ்டின் வகைக்கு ஹயலூரோனிடேஸ், நார்அட்ரினலினுக்கு ஃபென்டோலமின். டெக்ஸ்ராஸாக்ஸேன் தருவதற்கு 15 நிமிடம் முன்பே குளிர் ஒத்தடத்தை எடுத்துவிட வேண்டும், ரத்த ஓட்டம் சுருங்கியிருந்தால் மருந்து அங்கே போய்ச் சேராது.

முதல் நாள் தோல் லேசாகச் சிவந்திருந்தது, மறுநாள் பரவாயில்லை என்பது ஆறுதலல்ல. டாக்ஸோரூபிசின் திசுவின் டி.என்.ஏ.வோடு ஒட்டிக்கொள்ளும், இறந்த செல்லிலிருந்து வெளிப்பட்டுப் பக்கத்து செல்லுக்குள் போகும். கொப்புளமும் கருத்த தோலும் ஒன்றிரண்டு வாரம் கழித்துத் தலைகாட்டி, மாதக்கணக்கில் பரவும். அதனால் வாரம் ஒரு முறையாவது ஆறு வாரம் வரை அந்த இடத்தைப் பார்க்க வேண்டும். ஆறாத புண்ணுக்கு அறுவை, தோல் ஒட்டு. மூட்டருகே ஆறினால் தழும்பு சுருங்கி கை மடங்கி நிற்கும், நரம்பருகே என்றால் மரத்துப்போதலும் தீராத எரிவலியும் தங்கும். கால்சியம் கசிந்த இடத்தில் சில வாரங்களில் சுண்ணாம்புக் கட்டிகள் தோலடியில் கல்லாகத் தட்டுப்படும். சீழ்க்கட்டி என்று கீறிவிடுவதுண்டு, எக்ஸ்-ரே எடுத்தால் உண்மை தெரியும்.

நுனிப்பக்கக் கசிவு நெஞ்சுக்கூட்டுக்குள் போனால் தோலில் ஒன்றுமே தெரியாது. இருமல், முதுகுவலி, மெல்ல ஏறும் மூச்சிரைப்பு. நுரையீரலைச் சுற்றித் தேங்கிய நீரை எடுத்துப் பார்த்தால் பால் போல இருந்தால், அது ஏற்றிக்கொண்டிருந்த கொழுப்புக் கரைசலாக இருக்கலாம்.

பம்ப் அலறவில்லை, மருந்தும் வேலை செய்யவில்லை

பம்பின் அலாரம் அடைப்பைச் சொல்லும், கசிவைச் சொல்லாது. அது அளப்பது குழாயில் ஏறும் அழுத்தத்தை. கசிந்தால் அழுத்தம் இறங்கும், பம்ப் நிம்மதியாக ஓடி "முழு அளவு சென்றது" என்று காட்டும். பையும் குறித்த நேரத்தில் காலியாகும்.

ஆன்டிபயாடிக் போட்டும் காய்ச்சல் விடவில்லை, ரத்தத்தில் மருந்தளவு எதிர்பார்த்ததைவிடக் குறைவு, ஊட்டக் கரைசல் ஏற்றியும் எடை இறங்குகிறது என்றால், அளவைக் கூட்டுவதற்கு முன் குழாயைச் சோதியுங்கள். குறை அளவு ஆன்டிபயாடிக் வாரக்கணக்கில் ஓடுவது கிருமிக்கு எதிர்ப்புத் திறன் பழக்கும் வேலை. நுரையீரல் ரத்தக்கொதிப்புக்கு இடைவிடாமல் ஓடும் எபோபுரோஸ்டினால் ரத்தத்தில் சில நிமிடங்களே தங்கும். அதில் கசிவு என்பது மணிக்கணக்கில் காத்திருக்கும் விஷயமல்ல, கைச்சிரையில் உடனே மாற்று வழி போட்டு மருந்தை ஓட்ட வேண்டும்.

மருந்து ரத்தத்தில் எவ்வளவு என்று பார்க்க மாதிரி எடுக்கும்போது, அந்த மருந்து ஓடிய அதே கதீட்டரிலிருந்து எடுக்காதீர்கள். உட்சுவரில் ஒட்டிய மருந்து அளவைக் கூட்டிக்காட்டி, கசிவை மறைத்துவிடும்.

ஃபிளஷ் செய்த சிறிது நேரத்தில் குளிர் நடுக்கம்

38 டிகிரி செல்சியஸைத் தாண்டிய காய்ச்சல், அதுவும் குழாயைப் பயன்படுத்திய அரை மணி, ஒரு மணிக்குள் என்றால், வேறு காரணம் நிரூபிக்கப்படும்வரை குழாயின் தொற்றுதான். உள்ளே ஒட்டியிருந்த கிருமிப் படலத்தை ஃபிளஷ் கழுவி ரத்தத்தில் விட்டிருக்கிறது. வீட்டில் பாராசிட்டமால் கொடுத்துப் பார்ப்பது நேர விரயம்.

ஆன்டிபயாடிக் தொடங்கும் முன், கதீட்டரிலிருந்தும் கைச்சிரையிலிருந்தும் ஒரே நேரத்தில், ஒரே அளவு ரத்தம் கல்ச்சருக்கு எடுக்க வேண்டும். கதீட்டர் மாதிரியில் கிருமி 2 மணி நேரமாவது முந்தி வளர்ந்தால் ஊற்று குழாய்தான். ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸோ கேண்டிடா பூஞ்சையோ வந்தால் நீண்ட நாள் குழாயையும் எடுத்துவிடுவது வழக்கம். கசியும் குழாயென்றால் காப்பாற்றும் யோசனையே வேண்டாம்.

பின்விளைவுகள் தொற்று அடங்கிய பிறகு, வேறு வேறு இடங்களில் வரும். ஆரியஸ் கிருமி இதய வால்விலும் முதுகெலும்பிலும் குடியேறும் பழக்கமுள்ளது. குழாயை எடுத்துச் சில வாரம் கழித்து இரவிலும் விடாத முதுகுவலி வந்தால் அதைப் படுக்கையின் குறை என்று விடாதீர்கள்; எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்ல வேண்டியது. இதயத்தை ஸ்கேன் செய்து பார்க்கும் எக்கோ பரிசோதனை இல்லாமல் இந்தக் கிருமிக்கான சிகிச்சையை முடிக்கக் கூடாது. சிக்கலில்லை என்றால் குறைந்தது 14 நாள், வால்வு பாதித்தால் 4 முதல் 6 வாரம் சிரைவழி மருந்து. கேண்டிடா என்றால் கண் விழித்திரையையும் பார்க்க வேண்டும்.

கை, கழுத்து, முகம் வீக்கம்

மேல்கையின் சுற்றளவை முழங்கை மடிப்புக்கு 10 செ.மீ. மேலே, குழாய் வைத்த அன்றே அளந்து எழுதியிருக்க வேண்டும். 3 செ.மீ. கூடி, நீர்வீக்கமும் இருந்தால், சிரையில் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன். கசிவும் உறைவும் ஒன்றையொன்று வளர்ப்பவை. உறைவு குழாயை அடைத்தால் அழுத்தம் ஏறிக் கசியும். சிரைச் சுவரில் கசிந்த எரிமருந்து சுவரைப் புண்ணாக்கி உறைவை உண்டாக்கும்.

உறைவு உறுதியானால் ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து குறைந்தது 3 மாதம். குழாய் நன்றாக வேலை செய்து, தேவையும் இருந்தால் உறைவுக்காக மட்டும் எடுப்பதில்லை. கசியும் குழாய்க்கு அந்தச் சலுகை கிடையாது.

காலையில் முகம் உப்புவது, குனிந்தால் தலை கனப்பது, நெஞ்சில் புதிதாகச் சிரைகள் புடைத்துத் தெரிவது மூன்றும் சேர்ந்தால் மேற்பெருஞ்சிரையே சுருங்குகிறது என்று பொருள். குழாயை எடுத்துப் பல மாதம் கழித்தும் இது வரலாம். அந்தக் கையில் கனமும் சாயங்கால வீக்கமும் நிரந்தரமாகத் தங்கிவிடுவதும் உண்டு.

சிறுநீரகம் பழுதடைந்து வருபவருக்கு இந்தச் சிரைச் சுருக்கம்தான் மிகப் பெரிய இழப்பு. நாளை டயாலிசிஸுக்கு ஃபிஸ்டுலா (தமனியையும் சிரையையும் இணைக்கும் வழி) போட வேண்டிய கை அது. மேலே சிரை சுருங்கியிருந்தால் ஃபிஸ்டுலா நிலைக்காது. அவருக்குப் பிக் லைனே தவிர்க்கப்பட வேண்டியது. குடல் செயலிழந்து வாழ்நாள் முழுதும் சிரைவழி உணவில் இருப்பவருக்கோ ஒவ்வொரு சிரையும் எண்ணி வைத்த சொத்து. எல்லாம் அடைபட்டால் குடல் மாற்று அறுவையைப் பற்றி யோசிக்கும் நிலை வரும். இவர்களிடத்தில் கசிந்த குழாயை "பிடுங்கிவிட்டு வேறிடத்தில் போடலாம்" என்று சுலபமாக முடிவெடுக்காமல், தொற்றில்லை என்றால் ஒட்டவோ அதே பாதையில் மாற்றவோ வழி பார்க்க வேண்டும்.

திடீர் மூச்சுத்திணறல், இருமல், படபடப்பு

குழாய் திறந்திருந்ததோ விரிசல் இருந்ததோ தெரிந்தால் காற்று போயிருக்கலாம். திறப்பை மூடி, இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைப்பக்கத்தைத் தாழ்த்தி, ஆக்சிஜன் முழு அளவில். இப்படிப் படுத்தால் காற்று வலது இதயத்தின் மேற்பகுதியில் தங்கி, நுரையீரலுக்குப் போகும் வாயிலை அடைக்காமல் இருக்க வாய்ப்புண்டு.

இன்னொரு காரணம், அறுந்த துண்டு. இதயத்துக்கோ நுரையீரல் தமனிக்கோ மிதந்துபோயிருக்கும். பலருக்கு ஒரு தொந்தரவும் இருக்காது. ஃபிளஷ் திடீரென்று மிக லேசாகப் போகத் தொடங்கியது, ரத்தம் வரவில்லை, தோலடியில் வீக்கம் என்பது மட்டுமே துப்பு. துண்டைத் தொடை சிரை வழியே சுருக்குக்கம்பி விட்டு எடுப்பார்கள். சீக்கிரம் என்றால் எளிது. மாதங்கள் ஆனால் சுவரோடு சதை பிடித்துவிடும். உள்ளேயே விட்ட துண்டு இதயத் துடிப்புக் கோளாறு, உறைவு, தொற்று எதற்கும் காரணமாகலாம்.

குழாயை எடுத்த பிறகு

எடுக்கும்போது நோயாளி படுத்தபடி, மூச்சை அடக்கி முக்க வேண்டும் அல்லது வெளிவிட வேண்டும். எடுத்த இடத்தில் காற்றுப் புகாத டிரெஸ்ஸிங் குறைந்தது 24 மணி நேரம். குழாய் வராமல் இழுபட்டால் பலமாக இழுக்கக் கூடாது. நீண்ட நாள் கிடந்த சிலிக்கோன் குழாய், குறிப்பாகக் குழந்தைகளுக்கு, சுவரோடு ஒட்டிச் சுண்ணாம்பேறி இருக்கும். இழுத்தால் உள்ளே அறும்.

வெளியே வந்த குழாயை மேசையில் நீட்டி அளந்து, வைத்தபோது எழுதிய நீளத்தோடு ஒப்பிடுங்கள். நுனி வழவழப்பாக இருக்கிறதா, பிய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு சென்டிமீட்டர் குறைந்தாலும் அன்றே எக்ஸ்-ரே. பிறகு கசிவு இருந்த இடம், கசிந்த மருந்து, எந்தப் பக்கச் சிரை, உறைவு கண்டதா என்பதை நோயாளியின் கோப்பிலும் அவர் கையிலுள்ள அட்டையிலும் எழுதிக் கொடுங்கள். அடுத்த குழாய் எந்தப் பக்கம் வைப்பது என்று முடிவு செய்பவர் முதலில் தேடுவது அந்த வரியைத்தான்.